வாசலில் கிழித்த சீட்டு

போன மாதம் பி.பி. பார்க்கப் போயிருந்தேன். நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. இப்போது மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர். சின்ன வயசு சிஸ்டர் ஒன்று என் பெயரைத் தட்டியது. தருமபுரத்தில் எங்கள் தெரு டாக்டர் எனக்கு எழுதிய மாத்திரையெல்லாம் திரையில் வந்து நின்றது. எதை எப்போது ஆரம்பித்தார், எதை நிறுத்தினார், எல்லாம். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஸ்கிரீனக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பும்மா" என்றேன்.

"ஏன் ஆயாம்மா, உங்க மாத்திரைல என்ன ரகசியம்?"

"ஒண்ணும் இல்ல. திருப்பு."

திருப்பியது. பிறகு கேட்டது, உங்கள் காலத்தில் வெளி டாக்டர் எழுதினது ஆஸ்பத்திரிக்கு எப்படி வரும் என்று. பெட்டியில் வரும் என்றேன். சிரித்தது. எழுதிக் கொடுங்கள், எங்கள் ஆஸ்பத்திரி ஆண்டு மலரில் போடுகிறோம் என்றது. நான் ஐந்தாவது படித்தவள். எழுதுகிறேன். நீளமாக வராது.

பிறந்தது விழிதியூர். நடவு, களை, அறுப்பு. கல்யாணமாகித் தருமபுரம் வந்தேன். எழுபதுகளின் ஆரம்பத்தில் ஆயா வேலை கிடைத்தது. பெட்பேன் எடுப்பது, தரை துடைப்பது, ரத்தத் துணி அலசுவது, செத்தவரைக் கழுவி அனுப்புவது. முதலில் வாந்தி வந்தது. பிறகு வரவில்லை. அதுதான் பயிற்சி.

காலையில் முதல் வேலை வாசல் கூட்டுவது. கேட்டுக்கு வெளியே ஒரு பூவரச மரம். அதன் அடியில் இலை கிடக்கும், பூ கிடக்கும், காகிதத் துண்டு கிடக்கும். காகிதம்தான் அதிகம்.

வெளி டாக்டரிடம் காட்டிவிட்டு எங்களிடம் வருகிறவர்கள் கையில் ஒரு சீட்டு இருக்கும். இன்ன நோய், இன்ன மருந்து கொடுத்தேன், மேற்கொண்டு நீங்கள் பாருங்கள் என்று அந்த டாக்டர் எழுதியிருப்பார். அதை ஓ.பி.யில் நீட்டினால் திட்டு விழும். "அங்க காசு குடுத்துப் பாத்தீங்கல்ல, அங்கயே போங்க" என்பார்கள். ஜனங்கள் என்ன செய்வார்கள். கேட்டுக்கு வெளியே நின்று சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே வருவார்கள். இதற்கு முன்னால் எங்காவது காட்டினாயா என்று கேட்டால் "இல்லீங்க" என்பார்கள். காரைக்கால்மேட்டு மீனவரும் அப்படித்தான், விழிதியூர்க் குடியானவரும் அப்படித்தான், டவுன்காரரும் அப்படித்தான். ஒரு டாக்டருக்குத் தெரிந்த சங்கதி இன்னொரு டாக்டருக்குப் போகிற வழியில் என் துடைப்பத்தோடு நின்றுவிடும்.

ஒரே ஒரு டாக்டரின் சீட்டு மட்டும் அந்தக் குப்பையில் இருக்காது. அவர் எழுதுவதே இல்லை.

அவரை ஊர் முசே என்று கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா மாதிரி. தமிழர்தான். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தில் படித்தவர். மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வீடு, முன்கட்டில் வைத்தியம். வீட்டுக்கு ஒரு அட்டை வைத்திருந்தார். தாத்தாவுக்கு வந்த நோயும் பேரனுக்கு வந்த நோயும் ஒரே அட்டையில் ஏறும். அட்டைகளை மர டிராயரில் அடுக்கிப் பூட்டுவார், சாவி கோட்டுப் பையில். மாத்திரையைப் பேர் எழுதாத காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அந்தக் காலத்தில் எல்லா டாக்டரும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம். நோயாளி உள்ளே போய் உட்கார்ந்ததும் ரேடியோவைத் திருகிச் சத்தமாக வைப்பார். பாட்டு, செய்தி, உழவர் நிகழ்ச்சி, எது வந்தாலும் சரி. வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் காதில் உள்ளே பேசுவது விழக்கூடாது. நோயாளி எழுந்ததும் ரேடியோ நிற்கும். என் பெரிய மகளுக்குக் காய்ச்சல் என்று போனபோது சிலோன் ஸ்டேஷன் பாட்டுக்கு மேல் கத்தித்தான் அவரிடம் பேசினேன்.

அவர் சீட்டு எழுதாததற்குக் காரணம் உண்டு. நான் சேர்ந்த புதிதில் எங்கள் ஓ.பி.யில் இருந்த ஒரு டாக்டர், முசே எழுதி அனுப்பிய சீட்டைப் பத்துப் பேர் முன்னால் சத்தமாகப் படித்தார். ஒரு பெண்ணின் சங்கதி. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. அந்தப் பெண் ஊரை விட்டே போனது. முசே அன்றோடு நிறுத்தினார். ஆஸ்பத்திரியிலிருந்து யார் போய்க் கேட்டாலும் ஒரே பதில். "நோயாளி சொல்லச் சொல்லட்டும். சொல்றேன்."

இனி எங்கள் பெரிய டாக்டர். சீட்டைச் சத்தமாகப் படித்த அந்த டாக்டர் மாற்றலாகிப் போன பிறகு வந்தவர். ஆஸ்பத்திரிக்குத் தலைமை, ஆபரேஷனும் அவர்தான். பாண்டிச்சேரியில் படித்தவர். நோயாளியை நின்றுகொண்டு பார்க்க மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதற்குப் பயந்தே பலர் உண்மையைச் சொல்வார்கள். கை கழுவுவதை அவரிடம் பார்க்க வேண்டும். விரல் விரலாக, நகக்கண் நகக்கண்ணாக. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டும், நடுவில் பேசக்கூடாது.

இன்னொன்று. அவர் நல்ல மனசோடு இருந்தால் எங்களை வா, போ என்பார். கோபமோ கவலையோ வந்தால் மரியாதை ஏறிவிடும். "வாங்க பாக்கியம், உக்காருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டார் என்றால் வார்டே நடுங்கும். ஒருமுறை ஆள் அனுப்பி முசேயிடம் ஒரு நோயாளியைப் பற்றிக் கேட்டார். வழக்கமான பதில் வந்தது. "அப்படிங்களா. ரொம்ப சந்தோஷங்க" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒரே ஊர், ஒரே நோயாளிகள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் வைத்தியம் நடந்தது.

அது மாறிய நாளைச் சொல்கிறேன்.

எண்பதுக்குப் பக்கம் இருக்கும். மாங்கனித் திருவிழா முடிந்த வாரம். காரைக்கால்மேட்டிலிருந்து ஒரு படகுக்காரரைத் தூக்கி வந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். நல்ல உயரம், நல்ல கறுப்பு, ஐம்பது வயசு. குடலிறக்கம் சிக்கிக்கொண்டு துடித்தார். கூட அவர் சம்சாரம். அந்த அம்மாவை அக்கா என்றே சொல்கிறேன். அவர்களோடு இன்னொரு கூட்டமும் வந்தது. வடக்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து திருவிழாவுக்கு வந்து தங்கியிருந்தவர்கள். இவர்கள் பெண்ணை அவர்கள் பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். தட்டு இன்னும் மாற்றவில்லை. இரண்டு நாளில் மாற்றுவதாக இருந்தது.

பெரிய டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது வியாதி? மாத்திரை ஏதாவது சாப்புடுறாரா?"

அக்கா பதில் சொல்வதற்குள் சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

"ஒரு தலவலி கெடயாதுங்க. இரும்பு மாதிரி ஒடம்பு" என்றது அக்கா.

டாக்டர் காத்திருந்தார். அக்கா குனிந்து படகுக்காரரின் காலைத் தேய்த்துவிட்டது.

காலையிலேயே ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே நடந்தது. குடல் கறுக்கவில்லை, நேரத்துக்கு வந்தார்கள் என்று டாக்டர் கை கழுவும்போது சொன்னார். "பாக்கியம், டீ கொண்டா" என்றார். வா, போ. எங்களுக்கு நிம்மதி.

உச்சி வெயில் நேரத்தில் பி.பி. இறங்கத் தொடங்கியது. சலைன் ஏற்றினார்கள். ஏறவில்லை. இன்னொரு பாட்டில். ஏறவில்லை. உடம்பு சில்லென்று ஆனது, நாடி நூல் மாதிரி. வயிற்றுக் கட்டுத் துணியில் ரத்தம் இல்லை. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். உள்ளே கசிகிறதா என்று தெரியவில்லை. தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.

தியேட்டர் சிஸ்டர் மெதுவாகக் கேட்டது, "ஐயா, இந்த பி.பி.ல மயக்க மருந்து தாங்குவாரா?"

"தாங்க மாட்டாருங்க" என்றார் டாக்டர். "உள்ள கசிஞ்சா தொறக்காட்டியும் போயிடுவாருங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாக்கியம், இவருக்கு வீட்டு டாக்டர்னு ஒருத்தர் இருப்பாரு. இந்த வயசுல யாருக்கும் இல்லாம இருக்காது. யாருன்னு அந்தம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க. தனியாக் கேளுங்க. தொறக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

வராந்தாவுக்குப் போனேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் சம்பந்தி வீட்டுப் பெண்கள். படகுக்காரரின் வேட்டி ஒரு பக்கெட்டில் கிடந்தது.

"அக்கா, வேட்டிய அலசிட்டு வந்துடலாம் வாங்க" என்றேன்.

சம்பந்தியம்மா எழுந்தது. "அது கெடக்கட்டும், நான் அலசித் தர்றேன்."

"நல்லாருக்கே. சம்பந்தி கையால அலச விடுவாங்களா. ஊரு சிரிக்கும்" என்றேன்.

அது உட்கார்ந்துவிட்டது.

குழாயடிக்குக் கூட்டிப் போனேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். முசேயின் ரேடியோ மாதிரி. அக்கா குத்துக்காலிட்டு வேட்டியை அலசியது. நான் நின்றேன்.

"அவருக்கு வீட்டு டாக்டர் யாருக்கா?"

"யாரும் இல்ல."

"அக்கா."

"உனக்குப் பொண்ணு இருக்கா?"

"ரெண்டு."

"அப்பறம் ஏன் கேக்குற?"

எனக்குப் புரிந்தது. ஏதோ இருக்கிறது. சம்பந்தி காதில் விழக்கூடாத ஏதோ. தட்டு மாற்றுகிறவரை மூடி வைக்கிற ஏதோ. எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போது அப்பனுக்கு இருமல் கூட வராது.

"ஐயா திரும்ப வயித்தத் தொறக்கப் போறாரு" என்றேன். "தொறந்தா எழுந்திரிப்பாரான்னு ஐயாவுக்கே தெரியல. தொறக்காம விட்டாலும் தெரியல."

அக்கா வேட்டியைப் பிழிந்தது. தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தது. பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தது. வெற்றிலைக்கு அடியில் ஒரு காகித மடிப்பு. பிரித்துக் காட்டியது. சின்னச் சின்ன வெள்ளை மாத்திரை.

"மூச்சு இளப்பு" என்றது. "வருஷக் கணக்கா. முசே குடுக்கறது. தெனம் காலைல ஒண்ணு, நிறுத்தாதேன்னு சொல்லியிருக்காரு. இவங்க வந்து தங்குனதுலேருந்து நான் எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன். அஞ்சாறு நாளுதானேன்னு. அவருக்கும் ஒண்ணும் செய்யல. திருவிழாவுல சாமி கூடவே நடந்தாரு."

"இத எடுத்துட்டுப் போறேன்."

"போ."

"முசே எங்கிட்ட சொல்ல மாட்டாரு. நீங்க சொல்லச் சொன்னதா இருக்கணும்."

அக்கா சுருக்குப்பையைக் கயிறு இழுத்து மூடி என் கையில் வைத்தது.

"இது என் பைன்னு அவருக்குத் தெரியும். நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லு. கல்யாணம் நின்னா நிக்கட்டும். அவரு நிக்கணும்."

பெரிய டாக்டரிடம் மாத்திரையைக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இளப்புக்கு இப்படி வெள்ளையா எத்தனையோ இருக்குங்க" என்றார். "எதுன்னு தெரியாம நான் ஒண்ணும் செய்ய முடியாது. முசே வீட்டுக்குப் போங்க." மாத்திரையை மடித்து என் கையில் வைத்தார். "நான் கும்பிட்டுக் கேட்டேன்னு சொல்லுங்க."

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஓடினேன்.

முசே சாப்பிட்டுவிட்டுக் கைத்துண்டில் வாய் துடைத்துக்கொண்டிருந்தார். போன் வைத்திருந்தார், ஆனால் அதில் நோயைப் பற்றிப் பேச மாட்டார். எக்சேஞ்சில் கேட்பார்கள் என்பார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு சுருக்குப்பையை மேஜையில் வைத்தேன். பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது இங்க ஏன் வந்துது?"

சொன்னேன். ஆபரேஷன், பி.பி., அஞ்சாறு நாள் மாத்திரை இல்லை, அந்த அம்மா சொல்லச் சொன்னது. பெரிய டாக்டர் கும்பிட்டுக் கேட்டதையும் சொன்னேன்.

"அஞ்சாறு நாளா" என்றார். மறுபடியும், "அஞ்சாறு நாளா."

எழுதித் தருவார் என்று நினைத்தேன். டிராயரைத் திறந்தார். அட்டையை எடுத்தார். கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தான் போட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார்.

"ஏறும்மா."

"நான் நடந்து வர்றேன் முசே."

"ஏறுன்னா ஏறு. வழி விடச் சொல்லிக் கத்துறதுக்கு ஆள் வேணும். எனக்குக் கத்த வராது."

நான் கத்தினேன். மீன்காரி, மாட்டு வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரும் ஒதுங்கினார்கள்.

கேட்டில் இறங்கியதும் அவர் பூவரச மரத்தடியைப் பார்த்தார். காலையில் கூட்டியது போக அதற்குப் பின் விழுந்த காகிதம்.

"இது என்னது?"

"சீட்டு முசே. உள்ள வர்றதுக்கு முன்னாடி கிழிச்சிடுவாங்க. திட்டுவாங்கன்னு."

முசே உள்ளே நடந்தார்.

பெரிய டாக்டர் அவரைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்தார். நான் பார்த்து அவர் ஒருவருக்காக எழுந்தது அன்றுதான். முசே கட்டிலருகில் போய் நோயாளியின் கன்னத்தைத் தட்டினார். கண் திறக்கவில்லை. பேச வாயெடுத்தவர் நிறுத்தினார். வராந்தா ஜன்னலில் சம்பந்தியம்மா தலை. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று தலை. நோயாளியை விட்டு டாக்டர் நகர முடியாது. ஜன்னலை மூடினால் வேறு கதை கிளம்பும். ரேடியோவும் இல்லை.

முசே பிரெஞ்சில் ஆரம்பித்தார்.

பெரிய டாக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு அவரும் பிரெஞ்சில் பேசினார். பாண்டிச்சேரிப் படிப்பு. இவர் கேட்க, அவர் சொல்ல, அட்டை வெளியே வந்தது, இருவரும் குனிந்து பார்த்தார்கள், அட்டை மறுபடி கோட்டுக்குள் போனது. எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை.

ஜன்னலில் சம்பந்தியம்மா என்னைக் கேட்டது, "என்ன பாஷ இது?"

"பிரெஞ்சு."

"என்ன சொல்றாங்க?"

"எனக்கென்ன தெரியும்."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு சொல்தா படுத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். காலில் புண். வாய் நீளம். வார்டில் யார் என்ன சொன்னாலும் நாலு கட்டிலுக்குக் கொண்டுபோவார். அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும். சம்பந்தியம்மாவுக்கும் அது தோன்றிவிட்டது.

"பெரியவரே, உங்களுக்கு அந்த பாஷ தெரியுமாமே. என்ன பேசிக்கிறாங்க?"

சொல்தா படுத்தபடியே கூரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அது ஈர வேட்டியோடு வாசற்படியில் நின்றது.

"கட்டு இறுக்கமா இருக்குதாம்" என்றார். "கொஞ்சம் தளத்திப் போடணும்னு பேசிக்கிறாங்க. நீ போயி டீ குடி தாயி. டாக்டருங்க சண்ட போடாம பேசுறாங்க, அதுவே பெரிய சேதி."

சம்பந்தியம்மா சிரித்துவிட்டது. அக்கா வேட்டியை உதறிக் காயப் போட்டது.

பெரிய டாக்டர் தியேட்டரை மூடச் சொன்னார். வயிற்றைத் திறக்கவில்லை. ஒரு ஊசி எழுதினார். அது எங்கள் ஸ்டோரில் இருந்தது. சிஸ்டர் நரம்பில் ஏற்றியது. சலைன் ஓடிக்கொண்டிருந்தது. முசே போகவில்லை. இன்னொரு ஸ்டூலை நான் கொண்டுவந்து போட்டேன். இந்தப் பக்கம் ஒரு மணிக்கட்டை அவர் பிடித்தார், அந்தப் பக்கம் ஒரு மணிக்கட்டை இவர் பிடித்தார்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கும்போது சிஸ்டர் பி.பி. எடுத்தது. மறுபடியும் எடுத்தது. முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஏறுகிறது.

விளக்கு வைக்கிற நேரத்தில் படகுக்காரர் கண் திறந்தார். முசேயைப் பார்த்தார்.

"முசே, நீங்க எங்க இங்க? படகக் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு, கட்டியாச்சு. படு."

பெரிய டாக்டர் எழுந்து கை கழுவப் போனார். நான் தண்ணீர் ஊற்றினேன். விரல் விரலாக. அன்று மட்டும் நடுவில் அவரே பேசினார்.

"ஒரு வீட்டுக்கு வருஷக் கணக்கா வெளியிலேருந்து சோறு வந்துகிட்டே இருந்தா அடுப்புப் பத்த வைப்பாங்களா?"

"மாட்டாங்க."

"திடீர்னு ஒருநாள் சோறு நின்னுடுது. அன்னைக்குன்னு பாத்து வீட்டுக்கு நூறு பேரு விருந்தாளி வர்றாங்க. அதான் ஆச்சு அவருக்கு. அந்த மாத்திரை சோறு, அத தானே ஆக்குற அடுப்பு அவரு ஒடம்பு. ஆபரேஷன் விருந்து. நாம வெளியிலேருந்து சோறு கொண்டாந்து போட்டோம்." கையைத் துடைத்தார். "நான் வயித்தத் தொறந்திருந்தா முடிஞ்சிருக்கும். போ பாக்கியம், போய்ச் சாப்புடு. காலைலேருந்து நிக்கிற."

போ என்றார். சாப்பிட்டேன். அந்தச் சோறு மாதிரி நான் சாப்பிட்டதில்லை. வெறும் ரசம்தான்.

படகுக்காரர் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனார். கல்யாணமும் நடந்தது. எனக்குப் பத்திரிகை வந்தது. போனேன். சம்பந்தியம்மா பந்தியில் எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றியது. பேரப்பிள்ளை பிறந்த பிறகு அக்காவே ஒருநாள் சம்பந்தியம்மாவிடம் இளைப்பைப் பற்றிச் சொல்லிவிட்டதாம். அதற்குச் சம்பந்தியம்மா, "எனக்கு வந்த அன்னைக்கே தெரியும். மூச்சு விடுறதப் பாத்தாத் தெரியாதா, கடக்கரைல பொறந்தவ நான். நீ மறச்ச, நான் கேக்கல" என்றதாம். அக்கா என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தது. கண்ணிலும் தண்ணீர்.

இனி ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன். அந்த வாரமே முசே மறுபடி வந்தார். பெரிய டாக்டர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். சத்தம் கேட்டது, பிறகு சிரிப்பும் கேட்டது. கதவு திறந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஒரு சின்னத் தகரப் பெட்டி. பூட்டு ஒன்று, சாவி இரண்டு. ஒன்று பெரிய டாக்டரிடம், ஒன்று முசேயிடம்.

"நோயாளி சரின்னு சொல்லணும்" என்றார் முசே. "அவர் சொல்லாம ஒரு எழுத்து இதுல ஏறாது."

"கேட்டுட்டுத்தான் எழுதுவோம். தனியாத்தான் கேப்போம்" என்றார் பெரிய டாக்டர். "இவ எடுத்துட்டு வருவா."

"ஏன் இவ?"

"இவ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம் முசே."

முசே என்னைப் பார்த்து, "அன்னைக்கு ரிக்‌ஷால ஊரையே எழுப்புனாளே" என்றார்.

வேலை இப்படி. வார்டில் சேர்கிறவரைச் சொந்தக்காரர் இல்லாத இடத்தில் வைத்து, உங்கள் வீட்டு டாக்டர் யார், அவரிடம் கேட்கலாமா என்று சிஸ்டர் கேட்கும். சரி என்றால் ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார்கள். நான் இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். முசே திறந்து, பதில் எழுதிப் பூட்டித் தருவார். நோயாளி வீட்டுக்குப் போகும்போது எங்கள் டாக்டர் என்ன செய்தார், என்ன மருந்து சொன்னார் என்று அதே பெட்டியில் முசேக்குப் போகும். முதன்முதலாக அப்படிப் போன தாளை அவர் ரேடியோவை நிறுத்திவிட்டுப் படித்தார். இரண்டு தரம் படித்தார். "இவ்வளவு வருஷமா எங்க ஆளுங்க உள்ள போவாங்க, வெளில வருவாங்க. உள்ள என்ன நடந்துதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது" என்றார்.

பிறகு தருமபுரத்து லேடி டாக்டரும் ஒரு சாவி வாங்கினார். பிறகு இன்னும் இரண்டு பேர். ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தபோது, முன் பிரசவத்தில் நிறைய ரத்தம் போனது என்று லேடி டாக்டரின் சீட்டு முன்கூட்டியே சொன்னது. ரத்தம் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். தேவைப்பட்டது. தாயும் பிள்ளையும் நடந்து போனார்கள். இது மாதிரி நிறைய. உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அவர்கள் சொன்னால் உண்டு. நான் பெட்டியைத்தான் சுமந்தேன். கடைத்தெருவில் கேலி செய்வார்கள்.

"பாக்கியம், பொட்டில என்ன, கருவாடா?"

"ஆமா."

"யாருக்கு?"

"ஒனக்கில்ல."

ஓ.பி.யில் சீட்டுக் கொண்டு வருகிறவரை யாரும் ஒரு சொல் திட்டக்கூடாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு சின்ன டாக்டர் பழக்கத்தில் திட்டிவிட்டார். பெரிய டாக்டர் அவரை அறைக்குக் கூப்பிட்டு, "வாங்க, உக்காருங்க, காப்பி சாப்புடுறீங்களா" என்றார். அதற்குப் பிறகு யாரும் திட்டவில்லை.

ஜனங்களுக்கு நம்பிக்கை வர நாளானது. எனக்கு அது துடைப்பத்தில் தெரிந்தது. காகிதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் காலையில் கூட்டிக்கொண்டிருக்கிறேன். பெரிய டாக்டர் கார் வந்து கேட்டில் நின்றது. இறங்கி மரத்தடியைப் பார்த்தார். ஓ.பி.க்கு வந்த ஒரு விழிதியூர்க் கிழவர், வெளி டாக்டர் சீட்டை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து, கசங்காமல் கையில் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போனார்.

"இன்னைக்கு என்ன குப்பை?" என்றார் டாக்டர்.

"எல. பூ."

"காகிதம்?"

"இல்ல."

அவர் கார் கதவைச் சாத்தினார்.

"நல்லாக் கூட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.